அடிக்கடி சளி பிடிக்கிறதா? ராமநாதபுரம் கடலோரத்தில் இருப்பவர்கள் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மாதம் தவறாமல் தடுமன் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோரம் முழுக்க இருக்கிறார்கள். "கடல் காத்து ஒத்துக்கல", "தண்ணி மாறிப்போச்சு", "உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போடுவார்கள். கொஞ்ச நாள் சரியாகும், அப்புறம் திரும்ப வரும்.

மருந்தை மாற்றி மாற்றிப் போடுவதால் இது தீராது என்பது என் உறுதியான கருத்து. 'அடிக்கடி சளி' என்பது ஒரே நோய் இல்லை. ஏழெட்டு வேறு வேறு கோளாறுகள் மூக்கொழுகல் என்ற ஒரே முகத்தோடு வருகின்றன. நமக்கு வந்திருப்பது எது என்று தெரிந்த பிறகுதான் மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: காத்திருக்கக்கூடிய சங்கதியா என்று பாருங்கள்

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்தல், கண்ணைச் சுற்றி வீக்கம், கழுத்தை மடக்க முடியாத தலைவலியோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சின்னக் குழந்தையாக இருந்தால், அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வெறும் சளி இல்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதைச் சொல்லவே பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. மருந்தை ஒழுங்காக முடித்தால் குணமாகும் நோய் இது.

மூக்கில் ஒரே பக்கம் மட்டும் தொந்தரவு என்றால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் புளியங்கொட்டை, பாசிமணி, பட்டாணி எதையாவது உள்ளே போட்டுக்கொண்டிருக்கலாம். நீங்களே எடுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு பக்க அடைப்போடு ரத்தக் கசிவு இருந்தாலோ, தலையில் அடிபட்ட பிறகு குனியும்போது ஒரு பக்கம் தண்ணீர் மாதிரி சொட்டினாலோ காது மூக்கு தொண்டை டாக்டரை உடனே பார்க்க வேண்டும்.

படி 2: எத்தனை தடவை வந்தால் அதிகம்?

சளியை உண்டாக்கும் வைரஸ் 200-க்கு மேல் இருக்கிறது. அதில் ரைனோவைரஸ் கூட்டம்தான் பெரிசு. ஒன்று வந்து போனால் அடுத்ததற்குப் பாதுகாப்பு கிடையாது. அதனால் நல்ல ஆரோக்கியமான பெரியவர்களுக்கே வருஷத்துக்கு 2, 3 தடவை வரும். சின்னக் குழந்தைகளுக்கு 6 முதல் 8 தடவை. அங்கன்வாடிக்கோ எல்கேஜிக்கோ போக ஆரம்பித்த முதல் வருஷம் அதைவிடவும் கூடலாம்.

ஒவ்வொரு சளியும் 7 முதல் 10 நாள் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 தடவை, தடவைக்குப் 10 நாள் என்றால் 80 நாள். வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று மாதம் மூக்கு ஒழுகும் குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, எடையும் கூடினால் அதற்கு நோய் ஒன்றும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டாலே பல தாய்மாருக்குப் பாதிக் கவலை குறையும்.

இன்னொன்று, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் 'கிருமி பிடித்துவிட்டது' என்று ஆன்டிபயாடிக் வாங்கிவிடுகிறோம். வைரஸ் சளியிலேயே நாலைந்தாவது நாளில் நிறம் மாறுவது வழக்கம்தான். நிறத்தை விட நாளைத்தான் பார்க்க வேண்டும். 10 நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திடீரென்று காய்ச்சல், முகவலியோடு கூடிவிட்டது என்றால் அது சைனஸ் தொற்றாக இருக்கலாம்.

படி 3: காலண்டரில் குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். நகைக்கடையிலோ ஜவுளிக்கடையிலோ கொடுத்த மாதக் காலண்டரை அடுப்படிச் சுவரில் மாட்டி, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். படுக்கப் போகுமுன் அன்றைய கட்டத்தில் எழுத ஒரு நிமிடம் போதும்.

தும்மல் என்றால் 'து', அடைப்பு 'அ', ஒழுகல் 'ஒ', இருமல் 'இ', காய்ச்சல் 'கா', அரிப்பு 'அரி', நெஞ்சு இழுப்பு 'இழு'. ஒன்றுமில்லாத நாளில் ஒரு சின்னக் கோடு. கோடு போட்ட நாட்கள்தான் அப்புறம் பெரிய உண்மையைச் சொல்லும், அதை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் எந்த நேரத்தில் அதிகம், அன்று என்ன வேலை, எங்கே படுத்தோம், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, என்ன மருந்து போட்டோம் என்பதையும் ஓரிரு சொல்லில் எழுதுங்கள்.

குறைந்தது இரண்டு மாதமாவது எழுத வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் தொடங்கி வாடைக்காற்றும் மழையும் வரும் ஐப்பசி வரை எழுத முடிந்தால் இன்னும் நல்லது. நம் பக்கம் காற்று திரும்பும்போது வீட்டுக்குள் வரும் புழுதி, ஈரம், புகை எல்லாமே மாறுகிறது.

படி 4: எழுதியதைப் படியுங்கள்

முதலில் காய்ச்சலையும் வீட்டு ஆட்களையும் பாருங்கள். தொண்டை கரகரப்பில் தொடங்கி, மூக்கு ஒழுகி, லேசாகக் காய்ச்சல் அடித்து, 10 நாளில் முடிந்து, நடுவில் வெறும் கோடாகவே சில வாரங்கள் இருந்தால், அது வைரஸ் சளிதான். வீட்டில் இன்னொருவருக்கும் முன்னே பின்னே வந்திருக்கும். ஜூனில் பள்ளி திறந்தபின், ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்துக்குப் பின் கூடுகிறதா என்று பாருங்கள். ராமேஸ்வரத்தில் லாட்ஜ், ஆட்டோ, கடை வைத்திருப்பவர்கள் ஊர் ஊராக வரும் ஆட்களோடு நாள் முழுக்கப் பழகுகிறார்கள். அவர்களுக்கு நாலைந்து தடவை வந்தால் ஆச்சரியமில்லை. இவர்களுக்குத் தேவை கை கழுவும் பழக்கம். பணத்தையும் கதவுப் பிடியையும் தொட்ட கையை மூக்கிலும் கண்ணிலும் வைக்காமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கும் கண்ணும் மேலண்ணமும் அரிப்பு, தண்ணீர் மாதிரி ஒழுகல், காய்ச்சலே இல்லை, பத்து மணிக்கு மேல் குறைகிறது, ஆனால் நாள் தவறாமல் வருகிறது என்றால் அது ஒவ்வாமை. 'அடிக்கடி சளி' என்று சொல்லி வருபவர்களில் இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கடலோரத்தில் இதற்கு ஒரு காரணம் உண்டு. தலையணை, மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்குக் காற்றில் ஈரம் வேண்டும். நம் ஊரில் வருஷம் முழுக்க அது கிடைக்கிறது. மழை முடிந்தபின் சுவரில் பூக்கும் பூஞ்சை, கரப்பான் எச்சம், ஊரைச் சுற்றி நிற்கும் சீமைக்கருவேல மரத்தின் மகரந்தம், இவையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சொந்தக்காரர் வீட்டில் வேறு ஊரில் ஒரு வாரம் தங்கியபோது எப்படி இருந்தது என்று குறித்திருந்தால் அது நல்ல துப்பு.

மூன்றாவது, வேலை. மண்டபம் பக்கம் நண்டுச் சதை உரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா எங்களுக்குப் பழக்கம். ஐஸில் கை வைப்பதால்தான் சளி என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தார். காலண்டரில் குறிக்கச் சொன்னோம். மாதக் கடைசியில் அதை எடுத்துப் பார்த்தபோது வேலை நாளில் எல்லாம் 'து', 'ஒ' என்று நெருக்கி எழுதியிருந்தது. விடுமுறைக் கட்டங்களில் வெறும் கோடு. பொங்கல் லீவு நாட்கள் வரிசையாகக் கோடு. "அவிச்ச நண்டைக் கொட்டி ஆவி முகத்துல அடிச்ச கொஞ்ச நேரத்துல ஆரம்பிக்குது தம்பி, அப்ப ஐஸ் இல்லையா?" என்றார். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, "ராத்திரி நெஞ்சு இழுக்குதா?" இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அக்கா அதைத் தனி நோய் என்று நினைத்திருந்தார்.

நண்டு, இறால் அவிக்கும்போதும் உரிக்கும்போதும் அதன் புரதம் நுண்ணிய துளியாகக் காற்றில் கலக்கும். அதைச் சுவாசித்து ஒவ்வாமை வருவது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் தெரிந்த விஷயம். முதலில் மூக்கில் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமாவாக நெஞ்சுக்கு இறங்கும். சீக்கிரம் விலகினால் சரியாகும் வாய்ப்பு அதிகம். அந்த அக்கா மேற்பார்வையாளரிடம் பேசி, ஆவி படாத எடை போடும் இடத்துக்கு மாறிக்கொண்டார். கருவாடு, உப்பளம், கரிமூட்டம் என்று எந்த வேலையாக இருந்தாலும் வேலை நாளையும் லீவு நாளையும் இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். கரிமூட்டப் புகையும் உப்புத் தூசியும் ஒவ்வாமை இல்லாதவருக்கே மூக்கை எரிக்கும்.

நான்காவது வகையில் அரிப்பும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு, சென்ட் வாசம், திடீர்க் குளிர்ந்த காற்று, காரமான குழம்பு, இதில் ஏதோ ஒன்று பட்டதும் மூக்கு ஒழுகும். மூக்கின் நரம்பும் ரத்தக்குழாயும் அளவுக்கு மீறித் துடிப்பாக இருப்பதுதான் காரணம். தலைக்குக் குளித்தால், மோர் குடித்தால், நுங்கு சாப்பிட்டால் சளி பிடிக்குமா என்று கேட்பவர்களுக்கும் காலண்டர்தான் பதில். வைரஸ் இல்லாமல் இவை எதுவும் சளித் தொற்றை உண்டாக்காது. ஆனால் இப்படிப்பட்ட மூக்கு உள்ள சிலருக்குக் குளிர்ச்சி பட்டதும் ஒழுகலாம். உங்களுக்கு உண்மையாகவே வருகிறதா என்று குறித்துப் பாருங்கள். வராவிட்டால், பிள்ளைகளுக்கு மோரையும் பழத்தையும் நிறுத்தி வைக்காதீர்கள்.

எந்நேரமும் அடைப்பு மட்டும் என்றால் மூக்குத் தண்டு வளைவு, மூக்கினுள் சதை வளர்ச்சி, நாள்பட்ட சைனஸ் ஆகியவற்றை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும். வாசனையே தெரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வாயைத் திறந்து தூங்கிக் குறட்டை விடும் குழந்தைக்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வரும் மூக்கடைப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகப் போய்விடும். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை போடுபவர்களுக்கு வறட்டு இருமல் வந்தால் அது மாத்திரையின் விளைவாக இருக்கலாம். தானாக நிறுத்தாமல், டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டில் மாற்ற வேண்டியவை

ஒவ்வாமை என்று தெரிந்தால் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். தலையணை உறை, விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில் (சுமார் 60 டிகிரி) அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்கு மெத்தைத் தொல்லை குறைவு, ஆனால் பாயையும் உதறி வெயிலில் வைக்க வேண்டும். ஃபேன் இறக்கையை ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டைக் கூட்டும்போது தும்மல் வருபவர் அந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது, அல்லது தரையில் தண்ணீர் தெளித்துக் கூட்டலாம்.

கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். திண்ணையில் பிடித்தாலும் புகை உள்ளே வரும். கூடவே இருக்கும் பிள்ளைக்குக் காதுச் சீழும் நெஞ்சுச் சளியும் அடிக்கடி வருவதற்கு அது ஒரு காரணம்.

படி 6: சளி வந்திருக்கும்போது

வைரஸ் சளியைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. தாங்கிக்கொள்ள உதவும் பொருள்கள் உண்டு. ஓய்வு, வெதுவெதுப்பான நீராகாரம், காய்ச்சலுக்கு அளவான பாரசிட்டமால். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியில் போட்ட சுக்குக் காபி, தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு எல்லாம் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியையும் பனங்கற்கண்டையும் கணக்கில் வைக்க வேண்டும், அதுவும் சர்க்கரைதான். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ராத்திரி இருமலுக்கு ஒரு சின்னக் கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குக் கொஞ்சம் இதம் தரும், வைரஸைக் கொல்லாது. குழந்தைகளுக்கு வேண்டாம். கொதிக்கும் பாத்திரம் சரிந்து மடியில் கொட்டினால் சளியைவிடப் பல மடங்கு துன்பம்.

அடைப்புக்கு நான் முதலில் சொல்வது உப்புநீர்தான். மருந்துக்கடையில் சலைன் சொட்டு மருந்தாகவே கிடைக்கும். மூக்கைக் கழுவ வீட்டில் செய்வதானால், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் 250 மில்லிக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகச் சுத்தமான உப்பு. குழாய்த் தண்ணீர், ஊருணித் தண்ணீர், கேன் தண்ணீர், கடல் தண்ணீர் எதையும் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடாதீர்கள். கேரளத்தில் உயிர்களைப் பறித்த அமீபா மூளைக்காய்ச்சல் மூக்கு வழியாகப் போகும் தண்ணீரில்தான் வருகிறது.

பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மூக்கு அடைத்திருக்கும்போது முங்கினால் காதுக்குள் காற்றழுத்தம் சமனாகாது. வலி எடுத்து, செவிப்பறை கிழியக்கூட வாய்ப்பிருக்கிறது. ஒரு நாள் கூலி போகும் என்பது தெரியும். ஆனாலும் மூக்கு திறக்கும் வரை முங்காதீர்கள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் தூக்கலாக இருந்து, மூக்கொழுகலே இல்லாமல் உடம்பு வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் சளி என்று விடாமல் டெங்கு பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போட வேண்டாம்.

படி 7: சளியை நீடிக்கவைக்கும் மருந்துகள்

மூக்கடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடக் கூடாது. தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும், மறுபடி விடத் தோன்றும். தலையணைக்கடியில் அந்தச் சின்னப் பாட்டிலோடு மாதக்கணக்கில் தூங்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தப் பாட்டிலே நோய். டாக்டர் உதவியோடு நிறுத்திவிடலாம்.

தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவதும் வண்டி ஓட்டுவதும் உயிருக்கு ஆபத்து. அலர்ஜி மாத்திரையான செட்ரிசின்கூடச் சிலருக்குத் தூக்கம் தரும். பிரஷர் உள்ளவர்கள் ஃபினைலெஃப்ரின் கலந்த மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது.

"ஒரு ஊசி போட்டா உடனே விட்டுடும்" என்று பேர் வாங்கிய இடங்களில் பல சமயம் போடப்படுவது ஸ்டீராய்டு என்ற, ஒவ்வாமையை அடக்கும் வலுவான மருந்து. அலர்ஜி சில நாள் அடங்கும். சர்க்கரையும் பிரஷரும் ஏறும், காரணம் மறைந்துபோகும். பேர் எழுதாத பொட்டலத்தில் கொடுக்கும் மாத்திரையையும் வாங்காதீர்கள். என்ன ஊசி, என்ன மாத்திரை என்று எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

குழந்தைகளுக்கு இருமல் சிரப்பைக் கடையில் கேட்டு வாங்குவதை நிறுத்திவிடுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். அப்போது 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை 2023-லேயே வந்துவிட்டது.

படி 8: டாக்டரிடம் போகும்போது

காலண்டர் தாள்களையும், சாப்பிட்ட எல்லா மருந்து அட்டைகளையும் எடுத்துப் போங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் சேர்த்து. முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மூக்கினுள் கேமரா வைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அதற்கும் மேல் தேவைப்பட்டால் மதுரை.

சர்க்கரையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை இருந்தால் தொற்று எளிதில் பிடிக்கும், லேசில் விடாது. ரத்தத்தில் 'ஈஸ்னோபில்' கூடுதலாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் பயப்பட வேண்டாம். அது அலர்ஜியிலும் குடற்புழுவிலும் ஏறும் ஒரு வகை வெள்ளணு, அதுவே ஒரு நோய் இல்லை.

எதிர்ப்புச் சக்திக் குறைவு என்பது சாதாரணச் சளியாக வருவதில்லை. வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, நாலு அல்லது அதற்கு மேல் காதுச் சீழ், ஊசி மருந்து இல்லாமல் அடங்காத தொற்று, எடை ஏறாத குழந்தை, குடும்பத்தில் சிறு வயதில் தொற்றால் இறந்த பிள்ளை என்று இருந்தால் அதைச் சொல்லி, அதற்கான பரிசோதனை கேளுங்கள். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் இந்தப் பிறவிக் குறைபாடுகளுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இப்படித் தொற்று மேல் தொற்று வந்தால் அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனையை இலவசமாக, ரகசியமாகச் செய்துகொள்ளலாம்.

ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தால், அது வாய்வழி ஸ்டீராய்டு போல உடம்பு முழுக்கப் பாய்வது அல்ல, பயம் வேண்டாம். பலரும் இரண்டே நாள் அடித்துவிட்டு "கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, நுனியை நடுத்தண்டு பக்கம் திருப்பாமல் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். பலமாக உறிஞ்சாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும். மூக்கில் ரத்தம் கசிந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். தொடங்கிய தேதியைக் காலண்டரில் எழுதி, ஒரு மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி போய்க் காட்டுங்கள். கோடுகள் கூடியிருந்தால் மருந்தைக் குறைப்பது பற்றிப் பேசலாம். கூடவில்லை என்றால் ஸ்பிரே அடிக்கும் முறையை அவர் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டி, அதிலும் தவறில்லை என்றால் அலர்ஜி பரிசோதனையோ ஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள்.